கோட்டுக்கு முன்னாடி

ஹேசல் டன்க்லியைப் பயம் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவதில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே பக்கத்தில் வந்து நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா, பூனையை அலமாரிக்குள் வைத்துச் சாத்திவிட்டேனா, பின்கதவு பூட்டியிருக்கிறதா. பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று நிறுத்தம் முன்பே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். புருஷன் ஒருத்தன் இருந்தான், குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். "நீ பயந்து பயந்து எனக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்று சொல்லிவிட்டு ஸ்பெயினுக்குப் போனான். போனவன் போனவன்தான். "போயிச் சேந்தானான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று அதற்கும் ஆறு மாசம் கவலைப்பட்டாள். நானாக இருந்தால் வேறு மாதிரி வார்த்தை சொல்லியிருப்பேன்.

நான் பெவ். வொர்ஸ்டர்ஷயரில் ஒரு கால்வாய்க் கரையில், விடுமுறைக்குப் படகு வாடகைக்கு விடுகிற துறையில் படகுகளைக் கழுவித் துடைக்கிறவள். மொத்தம் ஒன்பது படகு. ஏழடி அகலம், அறுபதடி நீளம், உள்ளே அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வரிசையாக. சனிக்கிழமை காலை ஒன்பதுக்குப் போன வாரத்து ஆட்கள் திரும்பி வருவார்கள், மதியம் இரண்டுக்கு அடுத்த கும்பல் வரும். நடுவில் உள்ள நேரத்தில் அவர்கள் விட்டுப்போன அசிங்கத்தையெல்லாம் நான் அள்ள வேண்டும். நிம்மதி தேடி வருகிறார்களாம்! ஒரு தடவை தலையணை உறைக்குள் பொரித்த முட்டை இருந்தது. யாரைக் கேட்பது?

ஹேசல் பாடம் நடத்துகிறவள். கிடர்மின்ஸ்டரில் கம்பளத் தொழிற்சாலையை மூடியபோது வேலை போய், இங்கே வந்து பத்தொன்பது வருஷம். வண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத ஜனங்களைப் படகின் பின்மேடையில் நிற்க வைத்து, இவள் சொல்லிக்கொடுப்பாள். இடது பக்கம் போகணும்னா கைப்பிடியை வலது பக்கம் தள்ளுங்க. கேஸ் வாடை வந்தா தீக்குச்சியைத் தொடாதீங்க. பாலத்துக்குக் கீழே போகும்போது கூரைமேல உக்காராதீங்க. வாரம் முழுக்க அவளைத் தின்கிற பயம் அந்த நேரத்தில் மட்டும் அவளிடம் இருக்காது. தன் பயத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்போது அவள் குரல்கூட வேறு மாதிரி இருக்கும், பெரிய வீட்டு டீச்சரம்மா மாதிரி.

அந்தப் பாடத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் படி. கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குகிற இடத்தில் மதகு இருக்கும். இரண்டு பக்கமும் கதவு போட்ட ஆழமான கல்தொட்டி. படகை உள்ளே விட்டு, மேல்கதவைச் சாத்தி, கீழ்ப்பக்கத்து ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வடியும், படகும் கூடவே இறங்கும். மேல்கதவுக்கு அடியில் ஒரு கல்படி நாலைந்து அடிக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. படகின் வால்பக்கம் அந்தப் படிமேல் நிற்கும்போது தண்ணீர் வடிந்தால் போச்சு. வால் கல்லில் உட்கார்ந்துகொள்ளும், மூக்கு மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அப்புறம் முன்வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வர நேரம் இருக்காது. படி எங்கே முடிகிறது என்று சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். மொத்தப் படகும் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

போன வருஷம்வரை ஹேசல் ஒவ்வொரு படகிலும் ஏறி, முதல் மதகுவரை கூடவே போய், கோட்டைக் கையால் தட்டிக் காட்டிவிட்டு நடந்து திரும்புவாள். இந்த ஈஸ்டரோடு முதலாளி ராஸ்டால் அதை நிறுத்திவிட்டார். "துறையிலேயே அரை மணி நேரம் சொல்லிக் குடு, போதும். சொல்ல வேண்டியதெல்லாம் அட்டையில இருக்கு, டிக் போடு, அவங்க கையெழுத்துப் போடட்டும். சனிக்கிழமை அஞ்சு படகு கிளம்புது, நீ போயிட்டுப் போயிட்டு வந்தா எப்படி?" என்றார். அவருக்கென்ன, சனிக்கிழமையானால் கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடுகிற மனுஷன்.

அந்த ஜூன் சனிக்கிழமை கடைசியாகக் கிளம்பியது 'சாம்பல் நாரை'. எங்கள் படகுகளுக்கெல்லாம் பறவைப் பெயர்தான். ஏறியவர்கள் மூன்று பேர். ஆம்புரோஸ் டிக்னர் என்று ஒருவர், ரிடையரான பஸ் டிரைவர், அவர் மனைவி லோர்னா, லோர்னாவின் தம்பி கீத். டிக்னர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஹேசல் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார். லோர்னாவோ நடுநடுவே வாயைத் திறந்துகொண்டே இருந்தாள். கெட்டில் எங்கே, ஜன்னல் எப்படித் திறக்கும், வாத்துக்கு ரொட்டி போடலாமா. கிளம்பும்போது மூன்று பேருடைய போனையும் அணைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். "ஒரு வாரத்துக்கு உலகமே வேண்டாம்" என்று சிரித்தாள். நான் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். இரண்டரைக்குக் கிளம்பினார்கள்.

மூன்றேகாலுக்கு நாங்கள் டீ போட்டு உட்கார்ந்தோம். ஹேசல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் டீயைக் கீழே வைத்தாள்.

"பெவ், படியைப் பத்தி அவங்ககிட்ட சொன்னேனா?"

"டிக் போட்டிருக்கேல்ல?"

"டிக் முதல்லயே போட்டுட்டேன்டீ. எல்லாத்துக்கும் வரிசையா போட்டுட்டுத்தான் பேச ஆரம்பிச்சேன். கேஸ் சொன்னேன். அப்புறம் லோர்னா வாத்தைப் பத்திக் கேட்டா. அதுக்கப்புறம் கைப்பிடி. நடுவுல படி வரணும். வந்துச்சா? நீ அங்கதானே நின்னுட்டிருந்தே!"

நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. ஆயிரம் தடவை காதில் விழுந்த பேச்சு, மழைச் சத்தம் மாதிரி, யார் கவனிக்கிறார்கள்? "சொல்லியிருப்பே, விடு" என்றேன். "அதுவும் அவங்க இடது பக்கம், மேட்டுக்குல்ல போறதா சொன்னாங்க? மேல ஏறும்போது படியால ஆபத்து ஒண்ணும் இல்லையே."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாக நான் பார்த்தேனே! சாம்பல் நாரை திரும்பியது வலது பக்கம். டிக்னர் திருப்ப முடியாமல் கொஞ்சம் திணறி, கீத் என்னவோ சொல்ல, "சரி, இந்தப் பக்கமே போவோம், கீழே நல்ல பப் இருக்காம்" என்று லோர்னா கத்தியது காதில் விழுந்தது. நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஹேசல்," என்றேன், "அவங்க வலது பக்கம் போனாங்கடீ."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வலது பக்கம் முதல் மதகு ஒன்றரை மைல். அதோடு சேர்த்து வரிசையாக ஐந்து மதகும் இறக்கம்தான். ஒல்லிப் படகு ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும், இருந்தாலும் முக்கால் மணி ஆகிவிட்டதே! லோர்னாவின் நம்பருக்குப் போட்டாள். மணி அடிக்காமலேயே பதிவுக்குரல் வந்தது. ராஸ்டாலுக்குப் போட்டாள்.

"அட்டையில டிக் இருக்கா, கையெழுத்து இருக்கா? அப்புறம் என்ன? நீ எதுக்குத்தான் பயப்படல!" என்றார் அவர்.

நான் போனைப் பிடுங்கி, "அட்டை மிதக்கும் முதலாளி, ஆளுங்க மிதக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அணைத்தேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

என் வேனில் கிளம்பினோம். மதகுக்குப் பக்கத்தில் ரோடு கிடையாது. பாலம்வரை வண்டி போகும், அதற்கப்புறம் கரையோடு கால் மைல் ஓட வேண்டும். பாலத்துக்குப் போகிற சந்தில் பார்த்தால் குதிரை ஏற்றிய டிரெய்லர் ஒன்று முன்னால் ஊர வேண்டும்! ஹாரன் அடித்தால் குதிரை மிரளும். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஹேசல் மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டாள்.

"மதகு காலியா இருந்தா முதல்ல நிரப்பணும். அதுக்குப் பத்து நிமிஷம். கீத்துக்கு ஷட்டரைத் தூக்குற சாவியைப் போடத் தெரியாம ஒரு அஞ்சு நிமிஷம். காலியா இருக்கணும் பெவ். கடவுளே, காலியா இருக்கட்டும்."

"காலியாத்தான் இருக்கும்."

"முன்னாடி போன படகு இறங்கியிருந்தா காலியா இருக்கும். எதுத்தாப்ல யாராச்சும் ஏறி வந்திருந்தா நிறைஞ்சிருக்கும். அவ உள்ளே இருப்பாடீ, லோர்னா. அந்த மாதிரி பொம்பளை வெளியில நிக்க மாட்டா. உள்ளே சாண்ட்விச் பண்ணிட்டிருப்பா."

எனக்கும் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

பாலத்தில் வேனைக் குறுக்காகவே நிறுத்திவிட்டு ஓடினோம். அறுபது வயசுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர், ஒருத்தி ரப்பர் பூட்ஸில், இன்னொருத்தி ஏப்ரனோடு. எதிரே ஒரு படகு ஏறி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஹேசல் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது ஏறி வந்திருந்தால் மதகு நிறைந்துதான் இருந்திருக்கும். சாம்பல் நாரை காத்திருக்க வேண்டியதே இல்லை, நேராக உள்ளே போயிருக்கும்.

வளைவு திரும்பியதும் மதகு தெரிந்தது. கீழ்க்கதவு ஓரமாக கீத் நின்றான். மேல்கதவுக்கு அந்தப் பக்கம் டிக்னருடைய தலையும் தோளும் தெரிந்தன. படகு இறங்க ஆரம்பித்திருந்தது. ஹேசல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

"நிறுத்துங்க! ஷட்டரை இறக்குங்க!"

கீத் எங்களைப் பார்த்தான். சந்தோஷமாகக் கையை ஆட்டினான். டிக்னரும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். கால்வாயில் யார் யாரைப் பார்த்தாலும் கையாட்டுவதுதான் வழக்கம். கரையில் போகிறவன், மீன் பிடிக்கிறவன், நாயோடு நடக்கிறவள், எல்லோருக்கும் கையாட்டு. வெறும் நல்ல மனசு. அந்த நல்ல மனசைக் கண்டு என் வாழ்நாளில் அவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

"கையாட்டாதேடா மடையா! மூடு!" என்று கத்தினேன். மூச்சு வாங்கியதில் பாதிதான் வெளியே வந்தது.

கிட்டே போனபோது படகு நேராக இல்லை. மூக்கு ஒரு முழம் தாழ்ந்திருந்தது. அடியில் இரும்பு கல்லில் உரசுகிற சத்தம் நீளமாக வந்தது. உள்ளே தட்டுகள் சரிந்து உடைந்தன. "ஆம்புரோஸ்! என்ன பண்றீங்க?" என்று லோர்னா உள்ளேயிருந்து அலறினாள். டிக்னர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இஞ்சினை முன்னுக்குக் கொடுக்கிறார், பின்னுக்குக் கொடுக்கிறார். படகு அசையவில்லை. சுவரில் வெள்ளைக் கோடு அவருக்கு முன்னால் மூன்றடி தள்ளி, பளிச்சென்று தெரிந்தது.

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. பஸ்ஸில் மூன்று நிறுத்தம் முன்பே எழுந்து நிற்கிற அந்த ஹேசல், அங்கே ஒரு வார்த்தை தடுமாறவில்லை.

"கீத், உன் பக்கத்து ஷட்டரை இறக்கு. முழுசா இறக்கு. பெவ், மேல்பக்கத்து ஷட்டர்கிட்ட போ, நான் சொல்லும்போது மட்டும் திற, அரை வட்டம், அதுக்கு மேல வேண்டாம். டிக்னர் சார், இஞ்சினை அணைங்க. லோர்னா கண்ணு, பின்பக்கமா வா. எதையும் எடுக்காதே. அப்படியே வா."

சொல்லிக்கொண்டே கீழ்க்கதவின்மேல் இருந்த பலகையில் நடந்து அடுத்த பக்கம் போய், அங்கிருந்த ஷட்டரைத் தானே இறக்கினாள். பல்சக்கரம் கடகடவென்று ஓடி நின்றது. தண்ணீர் வடிவது நின்றது. படகு அந்தக் கோணத்திலேயே தொங்கியது. முன்வாசல் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே என் கை அகலம்தான் இருந்தது. லோர்னா கையில் வெண்ணெய்க் கத்தியோடு பின்கதவில் தலையை நீட்டினாள். ஹேசல் சொன்னதும் நான் மேல் ஷட்டரைக் கொஞ்சமாகத் திறந்தேன். தண்ணீர் மெல்ல ஏறியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வால் ஒரு தடவை தடக்கென்று குலுங்கி, கல்லைவிட்டு எழுந்து மிதந்தது.

லோர்னா கரைக்கு வந்து புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கீத் தண்ணீர்ப் பக்கமே பார்க்கவில்லை. ஹேசல் டிக்னர் முன்னால் போய் நின்றாள்.

"என் தப்பு சார்," என்றாள். "படியைப் பத்தி உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட மறந்ததில்லை. எந்த முகத்தை வெச்சுட்டு மன்னிப்புக் கேக்கறதுன்னே தெரியலை."

டிக்னர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"மறக்கலையேம்மா. சொன்னீங்களே. மேல்கதவுக்கு அடியில கல்படி இருக்கு, வெள்ளைக் கோடு போட்டிருப்பாங்க, ரொம்ப ஜாக்கிரதைன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. லோர்னா வாத்தைப் பத்திக் கேட்டாளே, அதுக்கு முந்தி."

எனக்கு உயிர் வந்தது. "பாத்தியாடீ!" என்று அவள் தோளில் ஓங்கித் தட்டினேன். "சொல்லியிருக்கே! வீணா உன்னையே கொன்னுட்டிருந்தே!"

ஹேசலும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் இளகியது. பிறகு கண்ணைத் திறந்து, "அப்புறம் ஏன் சார் இங்கே நிறுத்தினீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க சொன்னபடிதானே நிறுத்தினேன்? கோட்டுக்கு முன்னாடி நில்லுங்கன்னீங்க. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்மா. சிக்னல்ல கோடு போட்டிருந்தா கோட்டுக்கு முன்னாடி நிக்கணும், தாண்டினா அபராதம். இன்னிவரைக்கும் ஒரு தடவை தாண்டினதில்லை. கதவைச் சாத்த இடம் விட்டு, நான் நிக்கிற இடம் கோட்டைத் தாண்டாம எவ்வளவு கச்சிதமா நிறுத்தியிருக்கேன், பாருங்க." பாவம், அந்த நிலைமையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஹேசல் கோட்டைப் பார்த்தாள். படகு நின்ற இடத்தைப் பார்த்தாள். கோட்டுக்கு முன்னாடி. அவள் சொன்ன முன்னாடி படகின் மூக்கு பார்க்கிற பக்கம். அவர் கேட்ட முன்னாடி கோட்டுக்கு வந்து சேர்வதற்கு முன். இரண்டும் ஒரே வார்த்தை. பத்தொன்பது வருஷமாக அவள் சொன்னது இதே வார்த்தைதான். இத்தனை நாளும் கூடவே போய்க் கையால் தட்டிக் காட்டியதால் வார்த்தையை யாரும் பொருட்படுத்தவில்லை. ஈஸ்டருக்கு அப்புறம் கை இல்லை, வார்த்தை மட்டும்தான்.

"விடுடீ," என்றேன். "ஈஸ்டர்லேர்ந்து எத்தனை படகு போயிருக்கு. ஒண்ணும் மூழ்கலையே."

"அதனாலதானே பெவ் எனக்குத் தெரியாமலே போச்சு," என்றாள்.

லோர்னா மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லோருக்கும் டீ போடுகிறேன் என்றாள். ஹேசல் வேண்டாம் என்று தலையாட்டினாள். டிக்னரைப் படகில் ஏற்றி, கூடவே நின்று, வால்பக்கம் கோட்டைத் தாண்டி உள்ளே வரும்வரை முன்னுக்கு விடச்சொன்னாள். கோட்டைத் தன் உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள். அந்த மதகில் அவர்களை இறக்கிவிட்டாள். மிச்ச நாலு மதகுக்கும் என்னைக் கூடப் போகச்சொல்லிவிட்டு, பாலத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். பள்ளத்தில் போனில் சிக்னல் எடுக்காது, பாலத்துமேல்தான் எடுக்கும்.

"எங்கே போறே?"

"இன்னிக்குப் போனதுல இன்னும் நாலு படகு தண்ணியிலதான் இருக்கு. ஹார்க்னஸ் குடும்பம், ரெண்டு குழந்தைங்க. அந்த நர்ஸுங்க அஞ்சு பேர். கிழவர் ரெண்டு பேர் நாயோட. அப்புறம் அந்தக் கல்யாண ஜோடி." எதையும் பார்க்காமல் சொன்னாள். ஒவ்வொரு பெயரையும் அவள் மனசில் வைத்திருந்தாள்.

எனக்கு அவர்களோடு போக மனமில்லை. டிக்னரைக் கொஞ்சம் இருக்கச்சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே ஏறினேன். அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு முதல் நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் என் ஏப்ரனை முறுக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் குழந்தைகள் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"ஹார்க்னஸ் சார்? துறையிலேர்ந்து ஹேசல் பேசறேன். நல்லா இருக்கீங்களா? எல்லாரும் இருக்காங்களா?" என்றாள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தொடர்ந்தாள். "ஒண்ணு சொல்லணும். மதகைப் பத்தி நான் சொன்னதை மறந்துடுங்க. நான் வர்ற வரைக்கும் படகை அங்கேயே கட்டிப் போட்டுட்டு நில்லுங்க."